1, 4, 9, 16: நூறாவது எண்ணுக்கு நேர்வழி

1, 4, 9, 16, 25, 36 என்று செல்லும் எண்களை வர்க்க எண்கள் என்றும் சதுர எண்கள் என்றும் அழைக்கிறார்கள். ஓர் இயல் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பவை இவை. ஒரு விதிப்படி வரிசையாக நிற்கும் எண்களுக்குத் தொடர்வரிசை என்று பெயர். அதில் இடம்பெறும் ஒவ்வோர் எண்ணும் ஓர் உறுப்பு. எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே நிற்கும் எண்ணைத் தரும் வாய்பாடுதான் அந்தத் தொடர்வரிசையின் பொது உறுப்பு. இடத்தின் எண்ணை ‘ந’ என்று குறித்தால், வர்க்க எண்களின் பொது உறுப்பு ந × ந, சுருக்கமாக ந².

நூறாவது வர்க்க எண் வேண்டுமானால் முந்தைய 99 எண்களையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை; 100 × 100 = 10,000 என்று நேரே சொல்லிவிடலாம். பொது உறுப்பு கைக்கு வந்துவிட்டால் முடிவில்லாத வரிசை முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தின் ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்திலும், போட்டித் தேர்வுகளின் ‘அடுத்த எண் என்ன?’ வினாக்களிலும் இத்தகைய வரிசைகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. ஆனால் அடுத்த எண்ணைச் சொல்வது வேறு, பொது உறுப்பைக் கண்டறிவது வேறு. முதலாவதற்குக் கண் பழக்கம் போதும். இரண்டாவதற்குக் காரணம் வேண்டும்.

வர்க்க எண்கள் எப்போதும் 1, 4, 9 என்ற முகத்தோடு வருவதில்லை. 4, 9, 16, 25 என்று தொடங்கும் வரிசையில் முதல் இடத்தில் 2-இன் வர்க்கமும் இரண்டாம் இடத்தில் 3-இன் வர்க்கமும் நிற்கின்றன. எனவே பொது உறுப்பு (ந + 1)². 1, 9, 25, 49 என்பவை ஒற்றை எண்களின் வர்க்கங்கள். அவற்றுக்கு (2ந − 1)². 3, 12, 27, 48 என்பது வர்க்க எண்களின் மும்மடங்கு, 3ந². 2, 5, 10, 17 என்பதில் ஒவ்வொரு வர்க்கமும் ஒன்று கூடியிருக்கிறது, ந² + 1. 0, 3, 8, 15, 24 என்பதில் ஒன்று குறைந்திருக்கிறது, ந² − 1. இதையே (ந − 1) × (ந + 1) என்றும் எழுதலாம். 19 × 21 எவ்வளவு என்று கேட்டால் 20-இன் வர்க்கமான 400-இல் ஒன்றைக் கழித்து 399 என்று உடனே சொல்ல முடிவது இதனால்தான்.

மாணவர்கள் மிகுதியாகக் குழம்புவது (ந + 1)², ந² + 1 ஆகிய இரண்டுக்கும் இடையில்தான். முதலாவது 4, 9, 16 என்று செல்லும்; இரண்டாவது 2, 5, 10 என்று செல்லும். குழப்பம் வராமலிருக்க எளிய வழி உண்டு. உறுப்புகளை ஒரு வரியில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அதன் இட எண்ணை எழுத வேண்டும். வாய்பாடு கிடைத்ததும் ந-இன் இடத்தில் 1, 2, 3 ஆகியவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிடம் கூட ஆகாத இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் மதிப்பெண்ணை இழப்பவர்கள் ஏராளம்.

இட எண்ணையும் உறுப்பையும் பார்த்தவுடன் உறவு பிடிபடாத வரிசைகளும் உண்டு. அப்போது உதவுவது, அடுத்தடுத்த உறுப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. வர்க்க எண்களுக்கே முதலில் இதைச் செய்து பார்க்கலாம். 4 − 1 = 3; 9 − 4 = 5; 16 − 9 = 7; 25 − 16 = 9. வேறுபாடுகள் ஒற்றை எண்களாக வரிசை பிடித்து நிற்கின்றன. வேறு விதமாகச் சொன்னால் 1 + 3 = 4, 1 + 3 + 5 = 9, 1 + 3 + 5 + 7 = 16. முதல் ஒற்றை எண்கள் எத்தனை கூட்டப்படுகின்றனவோ, அத்தனையின் வர்க்கம் விடையாகக் கிடைக்கிறது.

இதற்கான காரணத்தைப் பண்டைய கிரேக்கத்தில் பிதாகரஸ் வழி வந்தவர்கள் கூழாங்கற்களை அடுக்கியே கண்டார்கள். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் ஒன்பது கற்களை வைத்தால் ஒரு சதுரம். அதை வரிசைக்கு நான்கு கொண்ட சதுரமாக வளர்க்க வேண்டுமானால், வலப்பக்கம் மூன்று கற்கள், கீழ்ப்பக்கம் மூன்று கற்கள், மூலையில் ஒன்று ஆக ஏழு கற்கள் தேவை. புதிதாகச் சேரும் கற்கள் தச்சரின் மூலைமட்டம் போலச் சதுரத்தை அணைத்து நிற்கும். பக்கத்துக்கு ந கற்கள் உள்ள சதுரத்துக்கு இதே போலச் சேர்க்க வேண்டியவை ந + ந + 1, அதாவது 2ந + 1 கற்கள். அது எப்போதும் ஒற்றை எண்ணாகவே இருக்கும். அடுத்த முறை சரியாக இரண்டு கூடும். நூறு சதுரங்களை அடுக்கிப் பார்த்துச் சொன்ன ஊகமாக இது நிற்கவில்லை. எந்தச் சதுரத்துக்கும் பொருந்தும் காரணம் அந்த மூன்று துண்டுகளிலேயே தெரிகிறது. இயற்கணிதம் இதையே (ந + 1)² = ந² + 2ந + 1 என்று எழுதுகிறது.

இத்தாலியில் பீசா நகரத்து ஃபிபொனாச்சி 1225-இல் வர்க்க எண்களைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். ஒற்றை எண்களைக் கூட்டினால் வர்க்கங்கள் பிறக்கின்றன என்ற இந்த உண்மையே அந்த நூலுக்கு அடித்தளம். அடுத்தடுத்த வர்க்கங்களின் இந்த வேறுபாட்டுக்கு ஒரு நாள்காட்டி உதாரணமும் இருக்கிறது. 2025 என்பது 45-இன் வர்க்கம். அதற்கு முன்பு வந்த வர்க்க ஆண்டு 1936, இடைவெளி 89. அடுத்து வரப்போவது 2116, இடைவெளி 91. 45 + 46 = 91 என்பதால் 46-ஐ 46-ஆல் பெருக்காமலேயே அந்த ஆண்டைச் சொல்லிவிடலாம்.

கல்லடுக்கில் கண்ட இந்த ஒற்றை எண்களை விழும் பொருள்களின் இயக்கத்தில் கண்டவர் கலிலியோ. மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை உருட்டிவிட்டு, வழிந்து விழும் நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். சமமான கால இடைவெளிகளில் குண்டு கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைகின்றன என்று 1638-இல் லெய்டன் நகரில் வெளியான தமது நூலில் எழுதினார். அப்படியானால் தொடக்கத்திலிருந்து கடந்த மொத்தத் தொலைவு 1, 4, 9, 16 என்ற விகிதத்தில் இருக்கும். காற்றின் தடையை விட்டுவிட்டால், மேலிருந்து விடப்படும் கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டரும், அடுத்த நொடியில் 15 மீட்டரும், அதற்கடுத்த நொடியில் 25 மீட்டரும் விழுகிறது. மொத்தம் 5, 20, 45, 80 மீட்டர். பொது உறுப்பு 5ந². பள்ளிக்கூட இயற்பியலில் நேரத்தின் வர்க்கம் இடம்பெறும் வாய்பாட்டின் பிறப்பிடம் இதுதான்.

வர்க்க எண்களின் வேறுபாடுகளான 3, 5, 7, 9 ஆகியவற்றுக்கு மீண்டும் வேறுபாடு கண்டால் 2, 2, 2 என்று மாறாமல் வருகிறது. இதற்கு இரண்டாம் வேறுபாடு என்று பெயர். இரண்டாம் வேறுபாடு பூச்சியமல்லாத ஒரே எண்ணாக மாறாமல் இருந்தால், அந்த வரிசையின் வாய்பாட்டில் ந² கட்டாயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய அடுக்கு இல்லை. அ × ந² + ஆ × ந + இ என்ற பொது வடிவத்தை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்துப் பார்த்தால், முதல் கழித்தலில் ‘இ’ மறைந்துபோகும்; இரண்டாவது கழித்தலில் ‘ஆ’ மறையும்; மிஞ்சுவது 2 × அ மட்டுமே. ஆகவே இரண்டாம் வேறுபாட்டில் பாதிதான் ந²-இன் கெழு. ‘ஏன் பாதியாக்க வேண்டும்?’ என்று வகுப்பில் கேட்கும் பிள்ளைக்கு இந்த விளக்கத்தைக் கொடுக்காமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வது அநியாயம்.

4, 11, 22, 37, 56 என்ற வரிசையில் இதைச் செய்து பார்க்கலாம். முதல் வேறுபாடுகள் 7, 11, 15, 19. இரண்டாம் வேறுபாடு எங்கும் 4. அதில் பாதி 2. எனவே வாய்பாட்டில் 2ந² இருக்கிறது. 2ந² தரும் எண்கள் 2, 8, 18, 32, 50. இவற்றை மூல வரிசையிலிருந்து கழித்தால் மீதி 2, 3, 4, 5, 6. இந்த மீதிக்கு வாய்பாடு ந + 1 என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆக, பொது உறுப்பு 2ந² + ந + 1. ஐந்தாம் இடத்துக்குச் சரிபார்த்தால் 50 + 5 + 1 = 56. வாய்பாடுகளை மனத்தில் சுமக்காமல், வர்க்கத்தைக் கழற்றி எடுத்துவிட்டு மீதியைப் படிக்கும் இந்த முறை மாணவர்களுக்கு மிகவும் பொருத்தமானது.

இதையே தலைகீழாகச் செய்தால் பெருக்கலே இல்லாமல் வர்க்கங்களின் அட்டவணையை உருவாக்கலாம். முந்தைய வேறுபாட்டோடு 2-ஐக் கூட்டு. வந்ததை முந்தைய வர்க்கத்தோடு கூட்டு. கூட்டல் மட்டுமே வேலை என்பதால் பற்சக்கரங்களால் ஆன கருவியும் இதைச் செய்யும் என்று கண்டவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். 1822-இல் அவர் இயக்கிக் காட்டிய சிறு மாதிரி 41, 43, 47, 53, 61 என்ற வரிசையையும் கணக்கிட்டுத் தந்தது. அரசின் பணம் பெற்றுத் தொடங்கிய பெரிய கருவி அவர் காலத்தில் முற்றுப்பெறவில்லை. பிற்காலத்தில் அவர் வரைந்து வைத்த இரண்டாவது வடிவமைப்பின்படி லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல், அவரது பிறப்பின் இருநூறாவது ஆண்டு நிறைவில், கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தது. அது பிழையின்றி இயங்கியது.

தமிழ்நாட்டு வாசல்களில் இடப்படும் புள்ளிக் கோலங்களிலும், ந²-ஐப் பெரிய அடுக்காகக் கொண்ட இந்த இருபடி வரிசைகள் அப்படியே இருக்கின்றன. ‘நேர்ப்புள்ளி, 15 புள்ளி, 1 வரை’ என்று மார்கழி மாதக் கோலப் புத்தகங்களில் போட்டிருப்பார்கள். நடு வரிசையில் 15 புள்ளி; மேலும் கீழும் 13, 11, 9 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1-இல் முடியும். மொத்தம் எத்தனை புள்ளி? மேலிருந்து நடு வரிசை வரை 1 + 3 + 5 + … + 15. இவை முதல் எட்டு ஒற்றை எண்கள், கூட்டுத்தொகை 64. கீழ்ப்பாதியில் 13-இல் தொடங்கி 1 வரை ஏழு ஒற்றை எண்கள், கூட்டுத்தொகை 49. மொத்தம் 113. பொதுவாக நடு வரிசையில் 2ந − 1 புள்ளிகள் இருந்தால் மொத்தப் புள்ளிகள் ந² + (ந − 1)². வரிசையாக எழுதினால் 1, 5, 13, 25, 41. புள்ளிகளைக் குறுக்காகச் சாய்த்துப் பார்த்தால் இந்த இரண்டு வர்க்கங்களும் கண்ணுக்கே தெரியும். எட்டுக்கு எட்டாக ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் ஏழுக்கு ஏழாக இன்னொரு சதுரமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னி நிற்கின்றன. சிக்குக் கோலத்தில் கம்பி வளைந்து செல்லும் சாய்வுப் பாதைகளும் அதே திசையில்தான் ஓடுகின்றன.

இடைப்புள்ளி அல்லது சந்துப்புள்ளி எனப்படும் முறையில் கணக்கு மாறுகிறது. இங்கே ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் அமைவதால் ஒவ்வொன்றாகவே குறையும். ‘13 புள்ளி, 7 வரை’ என்றால் நடுவில் 13, இருபுறமும் 12, 11 என்று இறங்கி 7-இல் நிற்கும் அறுகோணம். இந்த வகையில் மிகச் சிறியதிலிருந்து புள்ளிகளை எண்ணினால் 1, 7, 19, 37, 61. முதல் வேறுபாடுகள் 6, 12, 18, 24; இரண்டாம் வேறுபாடு 6. எனவே 3ந² இருக்கிறது. 3, 12, 27, 48 ஆகியவற்றைக் கழித்தால் மீதி −2, −5, −8, −11. அதாவது −3ந + 1. பொது உறுப்பு 3ந² − 3ந + 1. ‘13 - 7’ கோலம் இந்த வரிசையில் ஏழாவது; 147 − 21 + 1 = 127 புள்ளிகள். கோல மாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே இந்த எண்ணைச் சொல்லிவிடலாம்.

கோலத்தில் விதி தெளிவாக இருக்கிறது; அடுத்த வரிசையில் எத்தனை புள்ளி என்பதில் ஐயமே இல்லை. விதி சொல்லப்படாமல் எண்கள் மட்டும் தரப்படும்போதுதான் சிக்கல். 1, 4, 9, 16, 25 என்று ஐந்து எண்களைக் கொடுத்து ஆறாவது எது என்று கேட்டால் எல்லோரும் 36 என்பார்கள். ஆனால் ந² + (ந − 1)(ந − 2)(ந − 3)(ந − 4)(ந − 5) என்ற வாய்பாடும் முதல் ஐந்து இடங்களில் அதே எண்களைத்தான் தருகிறது. அந்த இடங்களில் பெருக்கலில் ஏதாவது ஒரு காரணி பூச்சியமாகிவிடுவதால் ந² மட்டும் மிஞ்சுகிறது. ஆறாம் இடத்தில் 36 + 120 = 156. கணித முறைப்படி இதைத் தவறு என்று சொல்ல வழியில்லை. ஐந்து எண்களோ ஐம்பது எண்களோ, எத்தனை உறுப்புகள் கொடுத்தாலும் அவற்றின் வழியே செல்லும் வாய்பாடுகள் எண்ணற்றவை. ‘அடுத்த எண் என்ன?’ என்ற வினா, விதியையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமையான வினா.

இது வீண் வாதம் அல்ல என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. ஒரு வட்டத்தின் மீது புள்ளிகளை வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்க்கோடுகளால் இணைக்க வேண்டும். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளக் கூடாது. வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டு புள்ளிக்கு 2, பிறகு 4, 8, 16. ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது என்று தோன்றும். ஆறு புள்ளிகளுக்கு எண்ணினால் 31 பகுதிகள்தான் வருகின்றன, 32 அல்ல. காரணத்தைத் தேடாமல் ஐந்து உறுப்புகளை நம்பி வாய்பாடு எழுதியவர் இங்கே வழுக்கி விழுவார்.

பாபேஜின் கருவி கணக்கிட்ட 41, 43, 47, 53, 61 வரிசையும் அத்தகையதே. வேறுபாடுகள் 2, 4, 6, 8. இரண்டாம் வேறுபாடு 2. ந²-ஐக் கழித்தால் மீதி 40, 39, 38. ஆகவே பொது உறுப்பு ந² − ந + 41. இந்த வரிசையை 1772-இல் எடுத்துக்காட்டியவர் ஆய்லர். இதன் முதல் நாற்பது உறுப்புகளும் பகா எண்கள். நாற்பது சான்றுகள் இருந்தும், நாற்பத்தோராவது உறுப்பு 1681 பகா எண் அல்ல. அது 41-இன் வர்க்கம்.

நிரூபணத்தோடு வரும் பொது உறுப்பு எவ்வளவு அழகாக இருக்க முடியும் என்பதற்கு 16, 1156, 111556, 11115556 என்ற வரிசையைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் எண்ணின் நடுவில் 15 செருகப்படுகிறது. வர்க்கமூலம் எடுத்தால் 4, 34, 334, 3334 என்று வருகின்றன. இது எப்போதும் நடக்குமா? ந-ஆம் உறுப்பில் முதலில் ந ஒன்றுகள், பிறகு ந − 1 ஐந்துகள், கடைசியில் ஓர் ஆறு. இதை மூன்று எண்களின் கூட்டலாகப் பிரிக்கலாம்: 2ந இலக்கங்கள் கொண்ட 111…1, ந இலக்கங்கள் கொண்ட 444…4, கடைசியாக 1. இரண்டாவது உறுப்புக்கு 1111 + 44 + 1 = 1156. ஒன்றுகள் மட்டுமே கொண்ட எண் 999…9-இல் ஒன்பதில் ஒரு பங்கு. 999…9 என்பதோ பத்தின் அடுக்கில் ஒன்று குறைவு. பத்தின் ந-ஆம் அடுக்கைப் ‘ப’ என்று குறித்தால் மொத்தம் (ப² − 1)/9 + 4(ப − 1)/9 + 1. சுருக்கினால் (ப² + 4ப + 4)/9, அதாவது (ப + 2)/3 என்பதன் வர்க்கம். ப = 100 எனில் 102/3 = 34. பத்தின் அடுக்கோடு 2-ஐக் கூட்டினால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 3 ஆவதால் மூன்றால் வகுத்தலும் மீதியின்றி முடியும். எனவே இந்த வரிசை எவ்வளவு நீண்டாலும் ஓர் உறுப்புகூட விலகாது.

வர்க்க எண்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் 1, 5, 14, 30, 55 என்ற புதிய வரிசை கிடைக்கிறது. இதன் முதல் வேறுபாடுகள் வர்க்கங்களே. அதனால் மூன்றாம் வேறுபாடுதான் மாறாமல் நிற்கும். வாய்பாடு ந(ந + 1)(2ந + 1)/6. கி.பி. 499-இல், தம் 23-ஆம் வயதில், ஆரியபட்டர் எழுதிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியில் இந்த விதி இருக்கிறது. கேரளத்தில் 1444-இல் பிறந்த நீலகண்ட சோமயாஜி அந்நூலுக்கு எழுதிய உரையில் இதை வடிவங்களைக் கொண்டே விளக்கினார். ஆறு மடங்கு கூட்டுத்தொகையைப் பலகைகளாக எடுத்து அடுக்கினால், ந, ந + 1, 2ந + 1 ஆகிய பக்கங்கள் கொண்ட ஒரே கனச்செவ்வகம் உருவாகிறது. ஆறால் வகுப்பது எதற்கு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. முதல் 24 வர்க்கங்களின் கூட்டுத்தொகை 4900. அது 70-இன் வர்க்கம். 1-ஐத் தவிர இப்படி அமைவது இது ஒன்றுதானா என்று பிரான்சின் லூக்காஸ் 1875-இல் கேட்ட கேள்விக்கு, ஆம் என்று 1918-இல் நிறுவியவர் வாட்சன். ராமானுஜனின் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவரும் அவரே.

பொது உறுப்பு தெரிந்தால், கொடுத்த எண் அந்த வரிசையில் இருக்கிறதா என்ற எதிர்த்திசைக் கேள்விக்கும் விடை காணலாம். வர்க்க எண்கள் 0, 1, 4, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் மட்டுமே முடியும். 2, 3, 7, 8 ஆகியவற்றில் முடியும் எண்ணை உடனே விலக்கிவிடலாம். இரட்டை எண்ணின் வர்க்கம் நான்கால் மீதியின்றி வகுபடும். ஒற்றை எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்தால் மீதி 1. எனவே 11, 111, 1111 என்று எவ்வளவு நீட்டினாலும் அந்த வரிசையில் ஒரு வர்க்க எண்கூடக் கிடையாது. அவை ஒவ்வொன்றும் நான்கால் வகுக்கும்போது மீதி 3 தருகின்றன.

இப்படி ஒரு வரிசைக்குள் வர்க்கங்களைத் தேடுவதில் ராமானுஜனுக்குத் தனி ஈடுபாடு இருந்தது. இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் 1913-இல் அவர் வாசகர்களுக்கு இரண்டு கேள்விகளை வைத்தார். இரண்டின் அடுக்குகளிலிருந்து 7-ஐக் கழித்தால் 3, 4, 5, 7, 15 ஆகிய அடுக்குகளில் வர்க்க எண் வருகிறது; 15-ஆம் அடுக்கில் 32768 − 7 = 32761, அது 181-இன் வர்க்கம். வேறு ஏதேனும் உண்டா? இல்லை என்று 1948-இல் நார்வேயின் நாகெல் நிறுவினார். மற்றொரு கேள்வியை அதற்கு முன்பே பிரான்சின் புரோக்காரும் எழுப்பியிருந்தார். 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி 1-ஐக் கூட்டினால் எப்போது வர்க்கம் கிடைக்கும்? 4 வரை பெருக்கினால் 24 + 1 = 25; 5 வரை பெருக்கினால் 120 + 1 = 121; 7 வரை பெருக்கினால் 5040 + 1 = 5041, அது 71-இன் வர்க்கம். 100 கோடி வரை கணினி கொண்டு சோதித்தும் நான்காவதாக ஓர் எண் அகப்படவில்லை. அப்படி ஓர் எண் இல்லவே இல்லை என்பதற்கான நிரூபணத்தையும் இன்றுவரை யாரும் தரவில்லை.